கதவுத் தகரமும் கானமும்

கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு, மனம் ஒன்றிப் பாட்டுக் கேட்பதற்கு எஞ்சியிருக்கும் இடம் அந்தக் காரின் உட்புறந்தான். வீட்டுக் கூடத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டுவிட்டது. கச்சேரிக்குப் போக மார்கழி வர வேண்டும். தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் நேரத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, தமக்கு உகந்த பாட்டைப் பிறர் குறுக்கீடின்றிக் கேட்க வாய்க்கும் ஏகாந்தத்தை நகரவாசிக்குக் கிடைத்த ஒரு பாக்கியம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தப் பாக்கியத்தில் ஒரு குறை உண்டு. இளையராஜாவின் பாட்டொன்றில் பேஸ் கிதார் அடி ஸ்தாயிக்கு இறங்கும் இடத்திலோ, மிருதங்க வித்வான் தொப்பி என்னும் இடந்தலையில் கும்கி நாதம் கொடுக்கும் இடத்திலோ, அந்த நாதம் நாதமாக வந்து சேராமல், கதவுத் தகரத்தின் கடகடப்பாக வந்து சேருகிறது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று தீர்மானித்து, உடையவர் அதைவிட விலை கூடிய ஒன்றை வாங்கி மாட்டுகிறார். கடகடப்பு முன்னிலும் பலமாகிறது. கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, அது குடியிருக்கும் கதவில் இருக்கிறது என்பதையும், அதைச் சரிப்படுத்துவதற்கு ஆகும் செலவு புதிய ஸ்பீக்கரின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவே என்பதையும் அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அந்தக் காரியத்தையே இங்கே செய்யலாம் என்று எண்ணுகிறேன்.

ஸ்பீக்கரின் இன்றைய அமைப்பு, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925இல் வெளியிட்ட ஆராய்ச்சியோடு ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. பாட்டின் மின்சாரம் சுருளில் பாயப் பாயக் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பு முன்னே வரும்போது அதன் எதிரிலுள்ள காற்று நெருக்கப்படுகிறது. அதே க்ஷணத்தில் முதுகுப்புறத்துக் காற்று தளர்கிறது. ஆகவே ஒரே ஸ்பீக்கரிலிருந்து, ஒன்றுக்கொன்று நேர் விரோதமான இரண்டு அலைகள் முன்னும் பின்னுமாகப் புறப்படுகின்றன. அவை சந்தித்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். வீட்டில் வைக்கும் ஸ்பீக்கரை மரப்பெட்டிக்குள் அடைப்பதன் முதற்காரணம் பின்னலையைச் சிறைப்படுத்துவதேயன்றி அலங்காரம் அன்று.

இந்த விழுங்கல் எல்லா ஸ்வரங்களையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. காற்றில் சப்தம் நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் செல்லும். ஆகையால் நொடிக்கு 100 முறை அதிரும் அடிநாதத்தின் ஓர் அலை மூன்றரை மீட்டர் நீளம் பெறுகிறது. 2000 முறை அதிரும் மேல்நாதத்தின் அலையோ 17 சென்டிமீட்டர்தான். கதவிலுள்ள ஒரு துவாரத்தின் வழியாகப் பின்னலை முன்புறம் வந்து சேரும் தூரம் ஓரடி அல்லது இரண்டடி. மூன்றரை மீட்டர் அலைக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டன்று. புறப்பட்ட விரோதம் அப்படியே இருக்க, வந்த மாத்திரத்தில் அது முன்னலையை அழித்துவிடுகிறது. குறுகிய அலைகளோ அந்த ஓரடியிலேயே முன்பின் முறை மாறிக் கலந்துபோவதால், ஓரிடத்தில் இழந்தது வேறிடத்தில் ஈடாகிவிடுகிறது. பாடகரின் உச்சரிப்பு ஒவ்வோர் எழுத்தாகத் தெளிவாகக் கேட்கும் அதே காரில் தாளத்தின் கனம் மட்டும் காணாமற்போவது இதனால்தான்.

இனிக் கதவைத் திறந்து பார்ப்போம். மெக்கானிக்குகள் டோர் பேட் என்று சொல்லும் பிளாஸ்டிக் உறையை, கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் இரண்டொரு ஸ்குரூவைக் கழற்றி, ஓரத்துக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து எடுத்தால், முதலில் தென்படுவது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதை உரித்தால் கதவின் உட்தகடு. அதில் கையை நுழைத்துக் கண்ணாடி ஏற்றும் யந்திரத்தைப் பழுதுபார்ப்பதற்கென்று பெரிய பெரிய துவாரங்கள். அந்தத் துவாரங்களுக்கு அப்பால், கண்ணாடியும் அதன் தண்டவாளமும், பூட்டை இழுக்கும் மெல்லிய கம்பிகளும், ஒயர்க் கொத்தும், பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால் தாங்குவதற்கான இரும்புக் குழாயும். எல்லாவற்றுக்கும் கடைசியில், வெயிலும் மழையும் படுகின்ற வெளித்தகடு. இந்த வெளித்தகட்டின் கனம் பெரும்பாலான கார்களில் முக்கால் மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஒரு கையால் அழுத்தினால் உள்வாங்கும் அந்தத் தகட்டின் பின்னால், ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒன்று, தன் கூம்பை முன்னே தள்ளும் அதே பலத்தோடு தன் சட்டத்தைப் பின்னே தள்ளிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியைக் காப்பதற்கும், பூட்டைத் தாங்குவதற்கும், மழைநீரை வடிப்பதற்கும் நன்கு சிந்தித்துச் செய்யப்பட்ட இந்தச் சாதனத்தை வாத்தியப் பெட்டியாகவும் இருக்கச் சொன்னது, வேறு இடம் இல்லாத நிர்ப்பந்தத்தால்தான்.

தகடுகள் ஏன் பாடுகின்றன என்ற கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அதைச் சற்று நின்று பார்ப்பது வீண் போகாது. ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787இல் வெளியிட்ட நூலில் ஒரு பரீட்சையை விவரித்தார். உலோகத் தகடொன்றின்மேல் மணலைத் தூவி, அதன் விளிம்பில் வயலின் வில்லை இழுத்தால், மணல் துள்ளி ஓடி, தகட்டில் அசையாமல் இருக்கும் கோடுகளில் போய்த் தங்கி, நட்சத்திரமும் வலையுமாகச் சித்திரங்கள் தோன்றும். வேறோர் இடத்தில் விரல் வைத்து இழுத்தால் ஸ்வரமும் மாறும், சித்திரமும் மாறும். நெப்போலியன் இதைப் பாரிஸில் நேரில் கண்டு வியந்ததன் பயனாக, பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் இதன் கணிதத்துக்குப் பரிசு அறிவித்தது. பெண்களைக் கல்லூரியில் சேர்க்காத அக்காலத்தில், பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்த ஸோஃபி ஜெர்மேன் என்ற அம்மையார் 1816இல் அப்பரிசைப் பெற்றார். அவர்கள் இருவரும் நமக்குச் சொல்லும் செய்தி இது: எந்தத் தகட்டுக்கும் அதன் அளவு, கனம், வளைவு, பிடிப்பு ஆகியவற்றைப் பொறுத்துத் தனக்கென்று சில ஸ்வரங்கள் உண்டு, வெளியிலிருந்து அந்த ஸ்வரம் வந்து தீண்டினால் அது தானும் எழுந்து பாடும். கதவின் வெளித்தகட்டுக்கு அமைந்த ஸ்வரங்களில் முக்கியமானவை, துரதிருஷ்டவசமாக, பேஸ் கிதாரும் தொப்பியும் நடமாடும் அதே கீழ்ப்பிரதேசத்தில் இருக்கின்றன. உருக்குக்கு அதிர்வைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் குணம் மிகவும் சொற்பம். ஆகவே மிருதங்கம் நின்ற பிறகும் கதவு நிற்பதில்லை.

அதிரும் பரப்பின்மேல் ஒரு பொருளை அப்பி அதன் குணத்தை மாற்றுவது நமக்குப் புதிதன்று. மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாகச் சோறு பதிப்பதும், கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவதும் அந்த வித்தைதான். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸி. வி. ராமன், வெறும் தோலில் ஒன்றோடொன்று ஒவ்வாமல் எழும் மேல்நாதங்கள் அந்தச் சோற்றின் பாரத்தால் ஒழுங்குபட்டு, அடிநாதத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று இசைவான வரிசையில் வந்து நிற்பதை, 1920இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் எடுத்துக்காட்டினார். ஆயினும் இங்கே ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். மிருதங்கத்தில் தோல் நன்றாகப் பாட வேண்டும் என்பதற்காக அப்புகிறோம். கதவிலோ தகடு பாடவே கூடாது என்பதற்காக அப்புகிறோம். முன்னதற்குப் பாரம் போதும். பின்னதற்கு, வந்த சக்தியை வாங்கித் தனக்குள்ளேயே தீர்த்துவிடும் ஒரு பொருள் வேண்டும்.

அந்தப் பொருளைப் பற்றிய சாஸ்திரம் இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் வளர்ந்தது. ஹெர்மன் ஓபர்ஸ்ட் என்ற ஜெர்மானியர், மெல்லிய தகட்டின்மேல் பிசுபிசுப்பான பொருளைப் பூசினால் அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதை 1952இல் கணக்கிட்டு வெளியிட்டார். அதற்கு நல்ல பலன் கிடைக்கப் பூச்சு தகட்டைவிடத் தடிமனாக இருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் எட்வர்ட் கெர்வின் 1959இல் இன்னொரு படி மேலே சென்றார். பிசுபிசுப்பான படலத்தின் மேல் நீளாத மெல்லிய உலோகத் தகடொன்றை ஒட்டி மூடிவிட்டால், கீழ்த்தகடு வளையும்போது மேற்தகடு இழுபட மறுக்கிறது. இடையில் அகப்பட்ட படலம் பக்கவாட்டில் பிசையப்படுகிறது. அந்தப் பிசைவின் உராய்வில் அதிர்வு உஷ்ணமாக மாறி மறைகிறது. உண்டாகும் உஷ்ணம் கையால் தொட்டுணர முடியாத அளவு சொற்பமே. கடைகளில் டேம்பிங் ஷீட் என்ற பெயரில் விற்கும், ஒருபுறம் வெள்ளிபோல் மின்னும் அலுமினியமும் மறுபுறம் கறுப்பு ரப்பருமான அந்தத் தாள், கெர்வினின் கணக்கு வடிவெடுத்து வந்ததுதான். மேலேயுள்ள அலுமினியம் பளபளப்புக்காக அன்று என்பதை வாங்குபவர் மறக்கலாகாது. அது விரல் நகத்தால் கிழிபடும் அளவு மெல்லியதாக இருந்தால், பிசைவதற்கு ஆள் இல்லாமல் ரப்பர் சும்மா இருந்துவிடும்.

ரப்பரிலும் எல்லா ரப்பரும் உதவாது. 1937இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில் ஸ்பார்க்ஸ், தாமஸ் என்னும் இருவர் கண்டுபிடித்த பியூட்டைல் ரப்பர், காற்றைக் கசியவிடாத குணத்தால் டயர்க் குழாய்களுக்குப் பெயர்பெற்றது. அதற்கு இன்னொரு விசேஷமும் உண்டு. மரத்திலிருந்து வரும் ரப்பரில் பந்து செய்து தரையில் போட்டால் துள்ளி எழும். பியூட்டைலில் செய்த பந்தோ தொப்பென்று விழுந்து ஏறக்குறைய அங்கேயே கிடக்கும். அதன் அணுச் சங்கிலிகளில் பக்கக் கிளைகள் நெருக்கமாக அமைந்திருப்பதால், அவை ஒன்றையொன்று கடந்து அசைவதே பிரயாசையாகி, கொடுத்த சக்தி திரும்பி வருவதில்லை. விளையாட்டுப் பந்துக்கு அயோக்கியமான அந்தக் குணமே கதவுக்கு யோக்கியதையாகிறது.

நம் ஊர் வெயிலை முன்னிட்டு இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். விலை மலிவாக இருக்கிறதென்று தார்க் கலவையில் செய்த ஷீட்டை வாங்கினால், சித்திரை மாதத்து மத்தியானத்தில் வெட்டவெளியில் நிறுத்திய காரின் தகடு தொட முடியாமல் கொதிக்கும்போது, அது இளகிச் சரிவதும், கண்ணாடி ஏற்றும் யந்திரத்தில் ஒழுகி ஒட்டிக்கொள்வதும், காருக்குள் தார்நாற்றம் நிலைத்துவிடுவதும் உண்டு. தொழிற்சாலைகளிலும் தார்க் கலவைத் தாள்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பெரும்பாலும் காரின் அடித்தளத்தில் வைத்து, பெயிண்ட் சூளையின் உஷ்ணத்திலேயே உருக்கிப் படியவைக்கிறார்கள். செங்குத்தான கதவில், பசையை மட்டும் நம்பி ஒட்டப்படும் தார்த்தாளுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது.

எங்கே ஒட்டுவது, எவ்வளவு ஒட்டுவது என்பதில்தான் வேலைக்காரரின் கைநேர்த்தி தெரிகிறது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை ஒட்டிய கார்ச் சாமான் கடைகளில், நல்ல பழக்கமுள்ள ஒருவர் வேலை செய்வதை நான் நின்று கவனித்ததுண்டு. டோர் பேடைக் கழற்றியதும் அவர் ஷீட்டைத் தொடவில்லை. நடுவிரலின் முட்டியால் வெளித்தகட்டை மேலிருந்து கீழாகச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேல் ஓரத்தில் ‘டக்’கென்று அடங்கிய ஒலி, நடுவே வர வர ‘டொண்ண்’ என்று நீண்டது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். உட்தகட்டிலும், ஸ்பீக்கர் மாட்டும் இடத்தைச் சுற்றிலும் அப்படியே. காரின் சொந்தக்காரர் பொறுமையிழந்து, “அண்ணே, எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்? முழுசா ஒட்டிட வேண்டியதுதானே?” என்று கேட்டார். “ஒட்டலாம் சார். காசு உங்க காசு. ஆனா கத்துற எடத்துல ஒட்டினா போதும், கத்தாத எடத்துக்கு எதுக்கு வாயை அடைக்கணும்?” என்றார் அவர்.

விஷயத்தின் சாரம் அந்தப் பதிலில் இருக்கிறது. தகட்டின் பரப்பில் கால் பங்குக்குச் சரியான இடத்தில் ஒட்டினாலே அதன் கூச்சலில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அரைப் பங்கைத் தாண்டிய பின் கூட்டுகிற ஒவ்வொரு தாளுக்கும் கிடைக்கும் பலன் சுருங்கிக்கொண்டே போகிறது. 2 மில்லிமீட்டர்த் தாள் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ நிறுக்கும். அடுக்கடுக்காக ஒட்டிப் பாரத்தை ஏற்றினால் கீல்தான் அதைச் சுமக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் தகட்டிலுள்ள தூசியையும் எண்ணெய்ப் பசையையும் ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து எடுப்பதும், ஒட்டியபின் சிறு ரோலரால் அலுமினியத்தின் மேலுள்ள புடைப்புகள் தட்டையாகும்வரை அழுத்தி உருட்டுவதும் தவிர்க்கக்கூடாத காரியங்கள். தாளுக்கும் தகட்டுக்கும் இடையே காற்று தங்கினால் அங்கே தாள் இருந்தும் இல்லாததுதான்.

வெளித்தகடு அடங்கியபின் உட்தகட்டின் துவாரங்களுக்கு வருவோம். இவற்றை மூடுவதால் வரும் லாபத்தைப் பலர் அறியாதிருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் கேட்பவருக்கு முதலில் புலப்படும் மாறுதல் இதிலிருந்தே வருகிறது. பின்னலையைச் சிறைப்படுத்தினால் அடிநாதம் தானாகவே எழுந்து வரும் என்பதை மேலே கண்டோம். சிறு துவாரங்களை டேம்பிங் ஷீட்டாலேயே மூடலாம். பெரியவற்றுக்கு வெறும் ஷீட் போதாது. அது ஒவ்வொரு அடிக்கும் உள்ளும் வெளியும் உப்பி அசையும். மெல்லிய அலுமினியத் தகட்டையோ தடித்த பிளாஸ்டிக் தகட்டையோ அளவாக வெட்டி, பின்னால் கழற்றக்கூடிய விதத்தில் ஸ்குரூ வைத்துப் பொருத்தி, அதன்மேல் ஷீட்டை ஒட்டுவதே முறை. கண்ணாடி யந்திரம் என்றைக்காவது பழுதாகும். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே வைக்கும் வளையமும் அழுத்தமானதாக இருக்க வேண்டும். மரத்தூள் பலகையில் செய்த வளையம் கதவுக்குள் வரும் மழைநீரில் ஊறி உப்பிவிடுமாதலால், பிளாஸ்டிக் வளையமே நம் மழைக்காலத்துக்கு ஏற்றது.

மழைநீர் என்றதும், இந்த வேலையில் நேரும் மிகப் பெரிய தவறைச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடியின் ஓரத்து ரப்பர் பீடிங்கைத் தாண்டி நீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளித்தகட்டின் உட்புறமாக வழிந்து, கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகளின் வழியாக வெளியேறும்படிதான் கதவு அமைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துளைகளின்மேல் தாளை ஒட்டியவர், தகரத்தின் ஒலியை நிறுத்திய கையோடு அதைத் துருவுக்கு ஒப்புக்கொடுத்தவராவார். வேலை முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியின்மேல் ஊற்றி, அது கீழே சொட்டுகிறதா என்று பார்க்காமல் டோர் பேடை மாட்டவே கூடாது. அன்றியும், சில கார்களில் கதவினுள்ளேயே காற்றழுத்தத்தை அறியும் ஒரு சென்ஸார் உண்டு; பக்கவாட்டில் மோதல் நேர்ந்து தகடு நசுங்கும்போது உள்ளே திடீரென்று ஏறும் அழுத்தத்தை உணர்ந்து, ஏர்பேகை விரிக்கச் செய்வது அதன் வேலை. அத்தகைய காரில் துவாரங்களை இஷ்டம்போல் மூடினால் அந்தக் கணக்குப் பிசகலாம். சர்வீஸ் நிலையத்தில் விசாரித்து, அப்படி ஒரு சென்ஸார் உண்டென்று தெரிந்தால், துவாரங்களைத் தொடாமல் தகட்டோடு நிறுத்திக்கொள்வதே விவேகம். பாட்டு எவ்வளவு உயர்ந்ததாயினும் உயிருக்கு அடுத்ததுதான்.

இனி எஞ்சுவது கிளிப்பும் கம்பியும் ஒயரும் செய்யும் கடகடப்பு. இதற்கு ஷீட் மருந்தன்று. செல்போனில் ஒரே ஸ்வரத்தை எழுப்பும் செயலி கிடைக்கிறது. அதை 30 அதிர்விலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால், ஏதோ ஓரிடத்தில் ஒரு பூட்டுக் கம்பியோ, டோர் பேடின் ஓரமோ தன் முறை வந்ததும் நடுங்கத் தொடங்கும். ஸ்வரத்தை அங்கேயே நிறுத்திவைத்து, விரல்களால் ஒவ்வோர் இடமாக அழுத்தினால், குற்றவாளி கையில் அகப்பட்டதும் சப்தம் சட்டென்று நின்றுவிடும். கம்பிக்குத் துணி டேப் சுற்றுவது, ஒயரை உட்தகட்டோடு கட்டுவது, உடைந்த கிளிப்புக்குப் புதியது போடுவது, டோர் பேடின் முதுகில் நீர் உறிஞ்சாத ஃபோம் துண்டை ஒட்டுவது என்று இதற்கான வைத்தியமெல்லாம் சில்லறைச் செலவே. சாதாரணப் பஞ்சு ஸ்பாஞ்சை மட்டும் கதவுக்குள் வைக்க வேண்டாம். அது ஈரத்தைக் குடித்துவிட்டு உலராமல் கிடக்கும்.

இந்த ஷீட்டை ஒட்டினால் வெளி உலகத்துச் சப்தமே காருக்குள் வராது என்று சில வியாபாரிகள் சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம். மழைத்துளி விழும் ஓசை மிருதுவாகும்; கதவைச் சாத்தும்போது தகர ஒலி போய்க் கனத்த ஒலி வரும்; இவ்வளவும் உண்மை. ஆனால் லாரியின் ஹாரனையும், டயரின் இரைச்சலையும் தடுப்பது வேறு தத்துவம். சுவரின் கனத்தை இரட்டிப்பாக்கினால், ஊடுருவும் ஒலி ஏறக்குறைய 6 டெஸிபெல் குறையும் என்பது பொது விதி. காதுக்கு அது தெளிவாகத் தெரிகிற மாறுதல்தான், நிசப்தம் அன்று. கதவில் கனமான தடுப்பைத் தொங்கவிட்டாலும் கண்ணாடி வழியாகவும், அடித்தளம் வழியாகவும் இரைச்சல் வந்துகொண்டேயிருக்கும்.

கார்த் தொழிற்சாலைகளும் இந்த விஷயத்தை உணராமல் இல்லை. இப்போது பல கார்களில் உட்தகட்டின் பெருந்துவாரத்தை, கண்ணாடி யந்திரத்தைத் தாங்கும் வார்ப்புப் பிளாஸ்டிக் பலகையொன்று இறுக மூடியிருக்கிறது. 2012இல் வெளிவந்த மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்.எல். காரிலோ பேஸ் ஸ்பீக்கரைக் கதவிலிருந்து எடுத்துக் கால் வைக்கும் இடத்துக்கு முன்னே நகர்த்தி, காரின் சட்டத்துக்குள்ளிருக்கும் வெற்றிடத்தையே அதற்குப் பெட்டியாக்கிக் கொடுத்தார்கள். நடுத்தரக் குடும்பத்தினர் வாங்கும் கார்களில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கதவிலேயே இருக்கிறது. அவர்கள் நான்கு கதவுக்கும் ஒருசேரச் செலவழிக்க வேண்டியதில்லை. முன்கதவு இரண்டை மட்டும் முதலில் செய்துகொண்டு, பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டி, நன்கு பழகிய பாட்டுகளைச் சில நாள் கேட்டுப் பார்க்கட்டும். புதிய ஸ்பீக்கர் வேண்டுமா என்பதை அதன்பின் தீர்மானிக்கலாம். வேண்டாம் என்றே பலர் தீர்மானிப்பார்கள் என்பது என் நம்பிக்கை.